மெட்டில்டாவின் உடல்நலத்துக்காக

செப்டம்பர் 12, வியாழன்

நேரலைக்கு ஒரு பதிவேடு வைக்கச் சொல்லி பங்குச்சாமி இந்த நோட்டைக் கொடுத்தார். தேதி, நேரம், பார்த்தவர்கள், கோளாறு. அவ்வளவு போதும் என்றார். "எழுது ரெமி. கைக்கு ஒரு வேல வேணும்லா."

இன்று ஜெபமாலையில் ஒளி மறைபொருள்கள். 7:00 முதல் 7:38 வரை. பார்த்தவர்கள் 212. மூன்றாம் மறைபொருளில் ஒலி இரண்டு வினாடி விட்டுப்போனது. கேபிள் மாற்ற வேண்டும்.

நாளைக்கு வேறு யாராவது இந்த வேலையைப் பார்க்க நேர்ந்தால் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். இது தூத்துக்குடி அடைக்கல அன்னை பங்கின் இணைய ஜெபமாலை. கோவிலுக்குள் இருப்பது முப்பது பேர். மற்றவர்கள் கப்பலிலும் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். பதிவு செய்தவர்கள் மொத்தம் 612. எங்கள் இணையப் பக்கத்தில் மூன்று பட்டியல்கள் உண்டு. நோயாளிகள், நன்றி, இறந்தோர். எந்த ஊரிலிருந்தும் பெயர் அனுப்பலாம். ஜெபமாலைக்கு முன்னால் பிரிஸ்கா அக்கா டேப்லெட்டைப் பார்த்து நோயாளிகள் பெயரை வாசிப்பார். முடிவில் இறந்தோர் பெயரை வாசித்து இளைப்பாற்றி செபம் சொல்வார். பக்கத்தை உருவாக்கியது நான். கேமரா, மிக்சர், லேப்டாப் எல்லாம் பாடகர் குழு மேடைக்குப் பின்னால் இருக்கின்றன.

கோவிலில் பேசுவது வெளியே போய்ச் சேர பதினோரு வினாடி ஆகும். அது கோளாறு அல்ல.

செப்டம்பர் 13, வெள்ளி

துயர மறைபொருள்கள். 7:00 – 7:40. பார்த்தவர்கள் 198. கோளாறு இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

செப்டம்பர் 16, திங்கள்

7:01 – 7:39. பார்த்தவர்கள் 205.

உள்ளே வந்தவர்களின் பெயர்கள் எனக்கு மட்டும் திரையின் ஓரத்தில் தெரியும். 6:58க்கு மெட்டில்டாவின் பெயர் வந்தது, பச்சைப் புள்ளியோடு. அவள் போன் பிரகாசி மாமியிடம் இருக்கிறது. மெட்டில்டாவின் அம்மா, என் மாமியார். அவள் தவறின முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவரிடம் இருப்பது பட்டன் போன். அதில் ஜெபமாலை பார்க்க முடியாது.

காரணம் தெரிந்ததுதான். ஆனாலும் 6:58லிருந்து வேறு எதையும் பார்க்க முடியவில்லை. தொடக்கம் ஒரு நிமிடம் தாமதமானது அதனால்தான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

துயர மறைபொருள்கள். 7:00 – 7:41. பார்த்தவர்கள் 188. மழை. இணைப்பு ஒரு முறை அறுந்து வந்தது.

காலையில் துறைமுகத்தில் சர்வர் அறையில் இருந்தபோது ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் பக்கம் எனக்கு அனுப்பியது. நோயாளிகள் பட்டியலில் ஒரு பெயர் சேர்ந்து அறுபது நாள் ஆனால், சேர்த்தவருக்குத் தானாக ஒரு கேள்வி போகும். அந்த நிரலை எழுதியது நான்தான், இரண்டு வருடத்துக்கு முன்னால். முதலில் "தங்கள் நோயாளி நிலுவையில் உள்ளாரா?" என்று போட்டிருந்தேன். மெட்டில்டா படித்துவிட்டுச் சிரித்தாள். "இது என்ன கரண்டு ஆபீசா? நிலுவையில உள்ளாராம். மனுசங்க கேக்குற மாதிரி கேளுங்க." அவளே வாசகத்தைச் சொன்னாள்.

"நீங்கள் செபிக்கக் கேட்ட மெட்டில்டா இன்னும் நோயுற்றிருக்கிறாரா?"

கீழே மூன்று பொத்தான்கள். ஆம். குணமடைந்தார். இறைவனடி சேர்ந்தார்.

ஜூலை 26 அன்று மதுரையில் மருத்துவமனை வராந்தாவில் நின்று அவள் பெயரைப் பதிந்தேன். இன்றோடு அறுபது நாள்.

ஆம் என்பதில் விரல் பட்டது. முதல் பொத்தான் அது.

செப்டம்பர் 25, புதன்

மகிமை மறைபொருள்கள். 7:00 – 7:39. பார்த்தவர்கள் 201.

ஆம் என்று அழுத்தினால் பெயர் புதிய விண்ணப்பமாகி, பட்டியலின் தலைக்கு வந்துவிடும். அடக்கத்துக்குப் பிறகு பிரிஸ்கா அக்கா அந்தப் பெயரைத் தாண்டித்தான் வாசித்துக்கொண்டிருந்தார். நானே எடுத்துவிடுவேன் என்று விட்டிருந்தாராம். இன்று முதலில் இருந்ததால் வேறு யாரோ என்று நினைத்து வாசித்துவிட்டார்.

"மெட்டில்டாவின் உடல்நலத்துக்காக."

ஹெட்போனில் கேட்டேன். ஒலி அளவு சரியாக இருந்தது. பிறகு ஹெட்போனைக் கழற்றினேன். முன் வரிசையில் ஒரு பாட்டி போனில் நேரலையை வைத்துக்கொண்டே கோவிலில் உட்கார்ந்திருப்பார். பதினோரு வினாடி கழித்து அங்கிருந்து இன்னொரு முறை கேட்டது.

முடிந்து வயரைச் சுருட்டும்போது பிரிஸ்கா அக்கா வந்தார்.

"தம்பி, புதுசா ஒரு மெட்டில்டா வந்திருக்கே. யாரு?"

"வெளிநாட்டுல இருந்து வந்திருக்குக்கா."

"எந்த நாடு?"

"போடல."

"பாவம். நம்ம மெட்டி பேரு. அந்தப் பிள்ளையாவது பொழைக்கட்டும்."

கேபிள் மாற்றியாகிவிட்டது.

அக்டோபர் 1, செவ்வாய்

ஜெபமாலை மாதம் தொடங்கியது. பார்த்தவர்கள் 431. கோளாறு இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

பார்த்தவர்கள் 502. மாமி சாளைக் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். உட்காரவில்லை. "வடிச்சுக்கிட்டியளா?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். சோறு வடிக்கவில்லை. ரொட்டி தொட்டுச் சாப்பிட்டேன்.

ஆகஸ்டுக்குப் பிறகு மாமி என்னிடம் கேட்கும் கேள்விகள் எல்லாமே இப்படித்தான். சாப்பாடு, துணி, தண்ணீர் வந்ததா. வேறு எதுவும் கேட்பதில்லை.

அக்டோபர் 9, புதன்

நேரலைக்குக் கீழே எழுதுகிறார்கள். "மெட்டில்டா சகோதரி எப்படி இருக்கிறார்?" மஸ்கட்டிலிருந்து ஒருவர். "பதினைந்து நாளாகச் செபிக்கிறோம், நிலை தெரிந்தால் நல்லது." கப்பலில் இருந்து ஒருவர். அபுதாபியில் ஒரு குடும்பம் அவளுக்காக வெள்ளிக்கிழமை ஒரு சந்தி இருக்கிறார்களாம், ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு.

பெயருக்குப் பக்கத்தில் 'தற்போதைய நிலை' என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் யாரும் நிரப்புவதில்லை.

அக்டோபர் 10, வியாழன்

7:00 – 7:42. பார்த்தவர்கள் 488.

நிலை பதிந்தேன். "காய்ச்சல் 103. மூச்சுக் கருவியில் இருக்கிறார். ஆள் அடையாளம் தெரியவில்லை." பக்கம் 17.

மதுரையில் இருந்த பதினேழு நாளும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தேன், நாளுக்கு ஒரு பக்கம். காய்ச்சல், ஆக்சிஜன், என்ன கொடுத்தார்கள், டாக்டர் என்ன சொன்னார். எழுதியிருப்பதைத்தான் பதிந்தேன். ஒரு எண்ணையும் மாற்றவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

பார்த்தவர்கள் 495. நிலை: "காய்ச்சல் 102. மூச்சுக் கருவி. கூப்பிட்டால் இமை அசைகிறது." பக்கம் 16. அந்தப் பக்கத்தில் கீழே வேறொரு வரியும் இருக்கிறது. அது பட்டியலுக்கு வேண்டாதது.

அக்டோபர் 12, சனி

பக்கம் 15. "இடது கை விரல்களை மடக்கினார்." இதிலும் கீழே அதே மாதிரி ஒரு வரி உண்டு.

அபுதாபிக் குடும்பம் எழுதியிருந்தது. "மரியே வாழ்க. நேற்று இமை, இன்று விரல். அம்மா கைவிட மாட்டாள்."

அக்டோபர் 14, திங்கள்

பார்த்தவர்கள் 540. பக்கம் 13. "மூச்சுக் கருவி இல்லாமல் மூச்சு விடுகிறார்."

பிரிஸ்கா அக்கா வாசிக்கும்போது நிலையையும் சேர்த்து வாசித்தார். கோவிலுக்குள் இருந்த முப்பது பேரும் "மரியே வாழ்க" என்றார்கள். சிலர் கைதட்டினார்கள். ஒலிவாங்கியில் கொஞ்சம் இரைந்தது. குறைத்தேன்.

இன்று சோறு வடித்தேன்.

அக்டோபர் 16, புதன்

பார்த்தவர்கள் 561. பக்கம் 11. "கண் திறந்தார். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார்."

வலப்பக்கம் நான் இருந்தேன். அதை எழுதவில்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மாமி வாசலில் இருந்தார். மெட்டில்டாவின் போனை முந்தானையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். உள்ளே வந்து, முதல்முறையாக உட்கார்ந்தார். நான் டீ போடப் போனேன்.

"டீ வேண்டாம். இங்கன இரிங்க."

உட்கார்ந்தேன்.

"திங்கக்கிழம கருவிய எடுத்துட்டாங்கன்னு போட்டிருந்திய. நேத்து நான் பாக்கல. கரண்டு இல்ல. நேத்து என்ன?"

மாமி போனை நீட்டினார். வாங்கி, நேற்றைய வரியை வாசித்தேன். "காய்ச்சல் 100. இருமல் குறைந்திருக்கிறது."

"நூறுக்கு வந்துட்டா?"

"ஆமா மாமி."

மாமி போனைத் திரும்ப வாங்கி முந்தானையில் சுற்றினார். கோபமாக இருக்கிறாரா என்று தெரியவில்லை.

"வேற மெட்டில்டான்னுதான் மொதல்ல நெனச்சேன். வெரல் மடக்குனான்னு போட்டப்ப, எந்தக் கைன்னு பாத்தேன். எடது கைன்னு இருந்துச்சு. எம் பிள்ள எடது கைக்காரிலா."

மாமி தன் இடது கையை மடக்கிக் காட்டினார்.

"நாளைக்கு என்ன போடுவிய?"

"பக்கம் பத்து."

"அதுல என்ன இருக்கு?"

"ரெண்டு ஸ்பூன் கஞ்சி குடிச்சா."

"எந்திரிச்சு உக்காந்தான்னு போடுங்களேன்."

"அது பக்கம் ஆறுலதான் வரும் மாமி."

சரி என்பது போலத் தலையாட்டினார். பிறகு எழுந்து தொட்டியில் கிடந்த கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "ரெண்டு ஸ்பூனாவது குடிச்சாளே" என்றார்.

அக்டோபர் 17, வியாழன்

பார்த்தவர்கள் 570. பக்கம் 10. 6:40க்கே பச்சைப் புள்ளி வந்துவிட்டது.

அக்டோபர் 18, வெள்ளி

பக்கம் 9. "ஒரு சொல் பேசினார்."

என்ன சொல் என்று பதினான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். தண்ணி என்றாள். அதை எழுதவில்லை. அவர்களாகவே இயேசு என்றும் அம்மா என்றும் எழுதிக்கொண்டார்கள்.

நோட்டில் எட்டுப் பக்கம்தான் பாக்கி இருக்கிறது. பக்கம் 1, ஜூலை 26. "துணி காயப்போடும்போது தலைவலி என்றாள்." அதற்கு முந்தின நாள் எந்த நோட்டிலும் இல்லை. நன்றாக இருந்தாள்.

அக்டோபர் 19, சனி

பார்த்தவர்கள் 588. பக்கம் 8.

பங்கின் எண்ணுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. லெத்தீசியா என்று ஒரு பெண். சொந்த ஊர் வேம்பார், இருப்பது பெங்களூரில். அவள் கணவன் பெனிஸ்டன் பெயர் பத்து நாளாகப் பட்டியலில் இருக்கிறது. கேட்டபடியே எழுதி வைக்கிறேன்.

"பிரதர், மரியே வாழ்க. மெட்டில்டா அக்காவுக்கு வந்த அதே மூளக்காய்ச்சல்தான் இவுகளுக்கும். அதே மாதிரி மிசின்லதான் இருக்காக. டாக்டரு, சொந்தக்காரங்கள வரச் சொல்லுங்கன்னு சொல்லுதாரு பிரதர். நான் மாட்டேன்னுட்டேன். மெட்டில்டா அக்காவுக்கு மிசின எடுத்தாச்சுன்னு அவருட்டயே போன காட்டுனேன். ஊர்ல இருந்து இவுக அம்மா வரவான்னு கேக்காங்க. வர வேண்டாம், தேறி வாராருன்னு சொல்லிட்டேன். வந்து பாத்து அழுதா அவுக நம்பிக்க போயிரும்லா. அக்காவ எந்த ஆசுபத்திரில பாக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க பிரதர். ஒரு தடவ அவுங்ககிட்ட பேச முடியுமா?"

ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி. ஆறு முறை கேட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

காலைப் பூசைக்குப் பிறகு மாமியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, அந்தச் செய்தியைக் கேட்கவைத்தேன். ஏன் என்று தெரியவில்லை. இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

மாமி போனைக் காதோடு வைத்துக் கேட்டார். முடிந்ததும் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"அந்தப் பிள்ளட்ட சொல்லுங்க."

"என்ன மாமி சொல்ல?"

"மெட்டில்டா செத்துட்டான்னு சொல்லுங்க."

அந்த வார்த்தையை இந்த வீட்டில் யாரும் இதுவரை சொன்னதில்லை. தவறினது என்போம், போனது என்போம்.

"இன்னும் ஏழு பக்கம் இருக்கு மாமி."

"இருக்கட்டும். அவ மாமியாருக்கு எத்தன பக்கம் இருக்கு?"

கவிழ்ந்திருந்த போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"வரவான்னு ரெண்டு தடவ கேட்டேன் மருமவனே. பத்தாந்தேதி ஒரு தடவ, அதுக்கு மொத நாளு ஒரு தடவ. பைய எடுத்து வச்சுட்டு பஸ்ஸ்டாண்டுல நின்னுதான் கேட்டேன். தேறி வாரா, நாளைக்கு வாங்கன்னிய. திரும்பி வீட்டுக்கு வந்துட்டேன்."

பக்கம் 16, பக்கம் 15. கீழே இருந்த வரி அதுதான். *மாமி போன். தேறி வருகிறாள், நாளை வாங்க என்றேன்.* இரண்டு பக்கத்திலும் ஒரே வாசகம்.

"நான் வந்தப்ப வெள்ளத் துணியில கட்டி வச்சிருந்தாங்க. மொகத்த மட்டுந்தான் காட்டுனாங்க. நான் அன்னைக்கு அழல. உங்கள ஒரு வார்த்த கேக்கல. கேட்டா என்னாவும்? நீங்களும் எனக்கு இல்லாமப் போயிருவியன்னு கேக்கல."

பேசும்போது மாமியின் குரல் ஏறவில்லை. சந்தையில் மீன் விலை சொல்வது போலச் சொன்னார்.

"இப்ப நானும் உங்ககூடச் சேந்து களவு செய்யுதேன். இங்க அவளுக்குக் கஞ்சி ஊத்திட்டு இருக்கோம். அங்க அவ உத்தரிக்கிற ஸ்தலத்துல ஒரு செபம் வருமான்னு வழி பாத்துட்டு நிப்பா. அறுநூறு பேரு தினம் செபிக்காங்க. ஒண்ணாவது அவளுக்குப் போவுதா?"

எழுந்தார். நான் வாசல் வரை போனேன்.

"ஆறாம் பக்கம் நாளைக்குத்தானே?" என்றார்.

"ஆமா."

"அத மட்டும் போட்டுருங்க. அதுக்கு மேல வேண்டாம்."

மாலை 7:00 – 7:40. பக்கம் 7 பதிந்தேன். பார்த்தவர்கள் எண்ணிக்கையைக் குறிக்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 21, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு பக்கம் 6 பதிந்தேன். "எழுந்து உட்கார்ந்தார். பத்து நிமிடம்." பத்து மணிக்கு லெத்தீசியாவைக் கூப்பிட்டேன்.

"பிரதர்? மெட்டில்டா அக்கா உக்காந்துட்டாங்களா? இப்பத்தான் பாத்தேன்."

"நீங்க மொதல்ல உக்காருங்கம்மா."

"சொல்லுங்க பிரதர். எந்த ஆசுபத்திரி?"

"உங்க மாமியார வரச் சொல்லுங்க. இன்னைக்கே. இப்ப ஏறுனாத்தான் ராத்திரிக்குள்ள வந்து சேரலாம்."

"ஏன்? இவுக நல்லா..."

"மெட்டில்டா என் பொண்டாட்டி. ஆகஸ்ட் பதினொண்ணு செத்துட்டா. நான் எழுதுனது அவளோட நோட்ட பின்னால இருந்து. கடைசி நாள்ல இருந்து மொத நாளுக்கு."

அந்தப் பக்கம் மருத்துவமனை அறிவிப்பு ஒன்று கேட்டது, கன்னடத்தில். அது முடிந்தது. அடுத்தது தொடங்கியது.

"வெளாடுதியளா?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"இல்லம்மா."

"நான் டாக்டருட்ட போன காட்டினேன். எல்லாருட்டயும் காட்டினேன். நீங்க ஒரு மனுசனா?"

அவள் வைத்துவிடுவாளோ என்று பயந்து வேகமாகப் பேசினேன். இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். மெட்டில்டாவின் அம்மா வரவா என்று கேட்டபோது வேண்டாம் என்றேன், வரச் சொன்னால் அது கடைசி என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன், அந்த அம்மாவுக்குக் கிடைத்தது துணியில் கட்டிய முகம் மட்டும்தான் என்றேன். "உங்க வீட்டுக்காரரு பொழைக்கட்டும். நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா அவுக அம்மா வரட்டும். வந்து பாத்தா பொழைக்க மாட்டாருன்னு எங்கயும் எழுதல."

இணைப்பு அறுந்தது. அவள் வைத்தாளா, சிக்னல் போனதா, தெரியவில்லை.

மாலை ஜெபமாலைக்குப் போனேன். பார்த்தவர்கள் 590.

அக்டோபர் 22, செவ்வாய்

நிலை பதியவில்லை. பிரிஸ்கா அக்காவிடம் சொன்னேன், பாடகர் மேடைக்குப் பின்னால் வைத்து. அவர் டேப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டார்.

"இத்தன நாளா வாசிச்சேனே தம்பி. பூசையில நன்மை வாங்குற வாயால வாசிச்சேன்."

"தப்புதான்க்கா."

"கைதட்ட வேற வச்சிட்டியே." சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. உடனே அழுதார். "செத்தவளுக்குச் சொகம் கேட்டா அந்தச் செபமெல்லாம் எங்கன போவும்?"

தெரியாது என்றேன். சாமியிடம் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஜெபமாலை ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. பட்டியலை வாசிக்கும்போது முதல் பெயரைத் தாண்டிப் போனார்.

அக்டோபர் 23, புதன்

பெங்களூரிலிருந்து எதுவும் இல்லை. 'மெட்டில்டாவுக்கு என்ன ஆச்சு' என்று நாற்பத்தொரு பேர் கேட்டிருக்கிறார்கள்.

பிரிஸ்கா அக்கா வந்து, "சாமிட்ட கேட்டேன். பேரு மாறிப் போன செபம் வீணாப் போவாது, யாரு வாசல்ல ஆளு இல்லையோ அங்கன போய் நிக்கும்னாரு" என்றார். பிறகு, "பட்டியல நீதான் மாத்தணும். நான் மாத்த மாட்டேன்" என்றார்.

அக்டோபர் 24, வியாழன்

மாலை 4:10. லெத்தீசியாவின் செய்தி. எழுத்தில்தான், குரல் இல்லை.

"அத்தை செவ்வாய்க்கிழமை காலை வந்தாங்க. இவுக கண்ணு தொறக்கல. ஆனா அத்தை கைய வச்சதும் விரல இறுக்கிப் பிடிச்சாக. நான் பாத்தேன்."

என் மீதான கோபம் பற்றி ஒன்றும் இல்லை. பிரதர் என்றும் இல்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

பெனிஸ்டனின் பெயர் இறந்தோர் பட்டியலுக்கு மாறியிருந்தது. லெத்தீசியாவே மாற்றியிருக்கிறாள். காலை 6:30. குறிப்பு என்ற இடத்தில், "அம்மா பக்கத்தில் இருந்தார்கள்" என்று எழுதியிருந்தாள்.

மாமியிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் என் வீட்டுத் துணிகளை மடித்தார். மெட்டில்டாவின் சேலைகளும் அதில் இருந்தன. மடித்து அதே இடத்தில் வைத்தார்.

அக்டோபர் 28, திங்கள்

கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்கும் பெயர்களைப் புதன்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்று பங்கில் அறிவிப்பு. இறந்தோர் பட்டியலில் இருக்கும் பெயர்களைத்தான் எடுப்பார்கள்.

அக்டோபர் 29, செவ்வாய்

இரண்டு முறை திறந்தேன். இரண்டு முறை மூடினேன்.

அக்டோபர் 30, புதன்

விடுப்பு போட்டேன். மூன்று மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மெட்டில்டா இன்னும் நோயுற்றிருக்கிறாரா. மூன்று பொத்தான்கள். கடைசியை அழுத்தினால் தேதியும் குறிப்பும் கேட்கும். அதை முன்கூட்டியே நிரப்பி வைத்தேன். ஆகஸ்ட் 11. "இவர் என் மனைவி. அக்டோபர் 10 முதல் நான் எழுதிய நிலை எதுவும் உண்மை அல்ல. உங்கள் செபத்தையும் ஒரு சந்தியையும் ஏமாற்றி வாங்கினேன். மன்னியுங்கள். இனி இவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபியுங்கள். ரெமிஜியுஸ்." அனுப்பு என்பதை அழுத்த வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அழுத்தவில்லை. மாமியைக் கூப்பிட்டேன்.

"மாமி, வாங்க."

"என்ன? என்னாச்சு?"

"மெட்டிக்கு..."

போனில் கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடும் சத்தம். குழாயை மூடினார்.

"நான் வாரேன். நான் வாரது வரைக்கும் ஒண்ணும் செஞ்சிராதிய."

"செய்ய மாட்டேன். நீங்க வாங்க."

இருபத்தைந்து நிமிடம் ஆனது. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மதுரையில் அன்றைக்குக் கடைசி இருபத்தைந்து நிமிடம் நான் கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றேன். அதை இப்போதுதான் எழுதுகிறேன்.

ஆட்டோ சத்தம் கேட்டது. மாமி ஈரக் கையோடு உள்ளே வந்தார். செருப்பு இல்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் திரைக்கு வெகு அருகில் உட்கார்ந்தார், கட்டில் ஓரத்தில் உட்காருவது போல.

"இதுல அவ எங்கன இருக்கா?"

பெயரைக் காட்டினேன். விரல் நுனியால் தொட்டார். திரையில் ஈரம் பட்டது. துடைக்கப் போனேன். வேண்டாம் என்றார்.

"கடைசியா என்ன போட்டிருக்கு? வாசிங்க."

"எழுந்து உட்கார்ந்தார். பத்து நிமிடம்."

"பத்து நிமிசம் உக்காந்தாளா?"

"ஆமா மாமி. தலகாணி வச்சு. ஜன்னலத் தொறக்கச் சொன்னா. உங்களத்தான் கேட்டா, அம்மா எப்ப வருவான்னு."

மாமி என்னைப் பார்த்தார். ஆகஸ்டிலிருந்து நான் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தது அது. பக்கம் ஆறிலும் அதை நான் எழுதியிருக்கவில்லை.

"நீங்க என்ன சொன்னிய?"

"நாளைக்கு வருவாங்கன்னு சொன்னேன்."

மாமி திரைக்குத் திரும்பினார். பெயருக்குப் பக்கத்தில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார்.

"வந்துட்டேம் மக்கா," என்றார். பிறகு என்னிடம், "சரி. அமுக்குங்க."

அழுத்தினேன். பெயர் ஒரு பட்டியலிலிருந்து மறைந்து இன்னொன்றில் வந்தது. ஒரு வினாடி கூட ஆகவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் செய்தி போனது. மாமியின் மடியில் இருந்த போனும் ஒலித்தது.

அப்போதுதான் மாமி அழுதார். நான் அதுவரை கேட்டிராத சத்தம். நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கி, மார்பில் அடித்துக்கொண்டு, பிறந்த நாளிலிருந்து மகளுக்குச் செய்த ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லி அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் என் தலையைப் பிடித்து இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு சிசிலி அக்கா ஓடிவந்தார். ஆகஸ்டில் இந்த வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கறுப்புக் காப்பி போட்டுக் கொடுத்தவர்.

"என்ன மாமி? யாருக்கு என்ன?"

"எம் மக போயிட்டா சிசிலி."

"எப்ப?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார்.

"இப்பத்தான்," என்றார் மாமி. "நான் பக்கத்துல இருந்தேன்."

சிசிலி அக்கா என்னைப் பார்த்தார்.

"ஆமாக்கா," என்றேன்.

அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மாமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.